மூன்று கைப்பிடி வண்டி

தவசிமுத்துவுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவது போல வலித்தது. கையைத் தூக்கி வாயில் வைக்க முடியவில்லை. குனிந்து வாயை இலைக்குக் கொண்டுபோய் ஆப்பத்தைக் கவ்வினான், நாய் தின்கிற மாதிரி. ராயபுரத்தில் கப்பல் மூட்டை தூக்கிய காலத்தில்கூட இப்படி ஒரு வலியை அவன் கண்டதில்லை. மூட்டை என்றால் உடம்பு மொத்தமும் பங்கு போட்டுக்கொள்ளும். கைப்பிடி சுற்றுகிற வேலை ஒரே இடத்தைப் பிடித்துக் கடித்துக்கொண்டே இருக்கும்.

மில்லில் அவனுக்குக் கொடுத்திருந்த வேலையே மூன்று கைப்பிடிதான்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருந்தது அந்த எண்ணெய் மில். முதலாளி தெற்கத்திக்காரர், கொப்பரை யாவாரத்தில் வந்தவர். பிண்ணாக்குக் கிடங்கு ஒருமுறை புகைந்து எரிந்த பிறகு, அவர் யானைக்கவுனியில் காஜா மொய்தீனின் பழைய இரும்புக் கடைக்குப் போய், சண்டைக் காலத்து மிலிட்டரி லாரி ஒன்றையும் அதோடு இரண்டு ஒயர்லெஸ் பெட்டிகளையும் வாங்கி வந்தார். லாரிக்குச் சிவப்புப் பெயிண்டு அடித்தார்கள். வெயிலில் அது உரிய உரிய, அடியிலிருந்த பச்சை பாசி பிடித்த மாதிரி எட்டிப் பார்த்தது. இதுதான் மில்லின் தீயணைப்பு வண்டி.

வண்டி தானாகக் கிளம்பாது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அபாயச் சங்கு தானாக ஊதாது. அதற்கும் ஒரு கைப்பிடி. ஒயர்லெஸ் பெட்டி ஒன்று ஆபீசில், இன்னொன்று லாரியில். லாரிப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் லாரிக்குள்ளேயே ஒரு முக்காலியில் பூட்டிய யந்திரத்திலிருந்து வர வேண்டும். அதை சைக்கிள் மிதிப்பது போலக் கையால் மிதிக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் பேச்சு செத்துவிடும். மூன்றையும் சுற்றுகிறவன் தவசிமுத்து. டிரைவர் பக்ருதீன் சீட்டை விட்டு இறங்க மாட்டான். இறங்கினால் எஞ்சின் நின்றுவிடும். தீயணைப்புக்குப் பொறுப்பான அய்யாத்துரை ஆபீசை விட்டு இறங்க மாட்டார். இறங்கினால் மதிப்பு போய்விடும். அவர் முதலாளியின் அக்காள் மகன்.

ஒயர்லெஸ்ஸில் உத்தரவு வராமல் வண்டிச் சக்கரம் உருளக்கூடாது என்பது அய்யாத்துரை போட்ட சட்டம். லாரிக் கொட்டகை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆபீஸ் எதிரே மாடியில். ஜன்னலைத் திறந்து ஏலே என்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் மாமா காசு போட்டு வாங்கிய பெட்டி சும்மா கிடக்கலாமா என்று அவர் கேட்டார்.

அந்தப் பெட்டியில் பேசும்போது பொத்தானை அமுக்க வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். அய்யாத்துரையின் கட்டைவிரலுக்கு அமுக்கத்தான் தெரியும், விடத் தெரியாது. அதிகாரம் பண்ணியே பழகிய விரல். பக்ருதீன் ஒருநாள் பணிவாக எடுத்துச் சொன்னான். உங்கள் வண்டியில் இருக்கிற பெட்டிதான் கோளாறு, காஜா மொய்தீன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து சனிக்கிழமைப் பயிற்சியில் அவர் பேசுவார், இவர்கள் கேட்பார்கள். நடுநடுவே துறைமுகத்துக் கப்பல்காரன் எவனோ குறுக்கே வந்து இங்கிலீஷில் திட்டுவான். அவன் பேச்சில்தான் கொஞ்சமாவது அர்த்தம் இருந்தது என்பது பக்ருதீனின் கட்சி.

சங்கின் கதை இன்னும் கேவலம். முதல்முறை சுற்றியபோது அது மில்லின் சாப்பாட்டுச் சங்கு மாதிரியே ஊதியது. செக்கு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி தூக்குச்சட்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். அதன்பிறகு கேட்டைத் தாண்டித்தான் சங்கு சுற்றலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது.

லாரியின் தொட்டியில் இருந்த தண்ணீர், வண்டி வாங்கிய வருஷம் மில் வாய்க்காலிலிருந்து இறைத்தது. யாரும் அதை மாற்றவில்லை. பிண்ணாக்கு ஊறிப் புளித்து, தவளை முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, செத்து, அதன்மேல் இன்னொரு தவளை முட்டையிட்டிருந்தது. மூடியைத் திறந்தால் பக்ருதீன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வான்.

அந்தச் சனிக்கிழமையும் பயிற்சி முடிந்துதான் தவசிமுத்து கேட் ஓரத்தில் சிலுவையம்மாளின் ஆப்பக்கூடைக்கு முன்னால் குனிந்து தின்றுகொண்டிருந்தான். மில்லின் வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மீன்பிடிக் குப்பம். அவள் அங்கே இருப்பவள். புருஷன் இல்லை. ஒரே மகள் ஃப்ளோரன்ஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. ஒழுகுகிற வீட்டில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று சிலுவையம்மாள் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்துப் புதுக் கீற்று வாங்கிக் கூரை வேய்ந்திருந்தாள். போன ஞாயிறு பூசை முடிந்து தவசிமுத்தும் போய்க் கீற்று எடுத்துக் கொடுத்தான். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

சுவருக்கு மேலே கரும்புகை எழுந்தது. குப்பத்தில் தாமஸ் என்பவன், படகுக்குப் பூசக் குங்கிலியப் பிசின் காய்ச்சிக்கொண்டிருந்தவன், அடுப்பை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். தீ அவன் கூரையில் ஏறிவிட்டது. தாமஸ் வீட்டுக்கு அடுத்த வீடு சிலுவையம்மாளுடையது. அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"தவசி, பொண்ணு உள்ள தனியா கீதுடா. வண்டிய எடுத்தாடா."

அவள் சுவரோரமாக ஓடினாள். இவன் கொட்டகைக்கு ஓடினான்.

வண்டியை எடுக்க உத்தரவு வேண்டும். முக்காலி மேல் உட்கார்ந்து மிதித்தான். தோள் கத்தியது. பெட்டியில் அய்யாத்துரையின் குரல் வந்தது. என்ன புகை, எங்கே புகை, சொல்லு, சொல்லு என்றது. பக்ருதீன் சொன்னான். சொல்லு, சொல்லு என்றது. பக்ருதீன் மறுபடி சொன்னான். விரல் எடுக்கப்படவில்லை. ஏன் பதில் இல்லை, தூங்குகிறீர்களா என்று பெட்டி திட்டியது. அதே திட்டு ஆபீஸ் ஜன்னல் வழியாகவும் காற்றில் வந்தது, பெட்டியை விடத் தெளிவாக.

"மாமு, இந்தப் பேஜாரு புட்ச்ச பொட்டிய வுடு," என்றான் பக்ருதீன். "ஜன்னலாண்ட போயி ஒரு கொரல் குடு."

தவசிமுத்து ஜன்னலுக்குக் கீழே போய் நின்று கத்தினான். அய்யாத்துரை எட்டிப் பார்த்தார். பின்னால் முதலாளி நின்றிருந்தார். அன்றைக்கென்று கணக்குப் பார்க்க வந்தவர்.

"ஏலே, பெட்டிய விட்டுட்டு இங்க நின்னு என்னத்தக் கத்துத? போயி ஒயர்லெஸ்ல சொல்லு. மாமா பாத்துக்கிட்டிருக்காவ."

திரும்பப் போய் மிதித்தான். இம்முறை அய்யாத்துரை பதிலை எதிர்பார்க்காமல், வண்டி புறப்படலாம் என்று முழங்கினார். புகை எங்கே என்பது அவருக்கு ஏற்கெனவே ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டிருந்தது. தவசிமுத்து இறங்கி முன்கைப்பிடியைச் சுற்றினான். வண்டி இருமி, எதிர் உதை உதைத்து, மூன்றாம் முறை பிடித்தது. கேட்டைத் தாண்டியதும் சங்குக் கைப்பிடியைச் சுற்றினான். உள்ளே பாதி ஆட்கள் சாப்பிட எழுந்து வந்தார்கள்.

குப்பத்துக்குள் நுழைந்தபோது நெருப்பு இல்லை. படகுத் துடுப்பாலும் கம்பாலும் தாமஸின் கூரையை இழுத்துப் போட்டு, மண்ணை அள்ளிக் கொட்டி, ஆம்பளையும் பொம்பளையுமாக அணைத்திருந்தார்கள். கருகிய கீற்றுமேல் ஒருத்தி நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். சிலுவையம்மாளின் வீட்டில் ஒரு பொறிகூட விழவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். உள்ளே ஃப்ளோரன்ஸ் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வண்டியைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார் என்றான் ஒருவன்.

திரும்பிப் போயிருக்கலாம். பெட்டி விடவில்லை. தண்ணீர் அடித்தாகிவிட்டதா, தண்ணீர் அடித்தாகிவிட்டதா என்று அய்யாத்துரை கேட்டுக்கொண்டே இருந்தார். அணைந்துவிட்டது என்று பக்ருதீன் சொன்னான். அது யார் காதுக்கும் போகவில்லை. மாமா பக்கத்திலேயே நிற்கிறார், தண்ணீர் அடி, இது உத்தரவு என்றது பெட்டி. மிதித்து மிதித்துத் தவசிமுத்துவின் வலது கை மரத்துப்போயிருந்தது.

"கஸ்மாலம், மண்ணுல ரெண்டு நிமிசம் அடிச்சுட்டுப் பூடலாம் மாமு," என்றான் பக்ருதீன். "அப்பால போயி அடிச்சாச்சுன்னு சொன்னா வாய மூடிக்குவாரு."

தவசிமுத்துவுக்கும் அது சரியென்றுதான் பட்டது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கித்தான் குழாயை இழுத்து வெறும் மணலைப் பார்த்துப் பிடித்தான். பக்ருதீன் பம்பை ஓட விட்டான். ஒன்றும் வரவில்லை. குழாய் பாம்பு எலியை விழுங்கிய மாதிரி ஓரிடத்தில் புடைத்து நின்றது. இத்தனை வருஷத்துச் சேறும் தவளையும் அங்கே அடைத்திருந்தன. இன்னும் கொடு என்று இவன் இடது கையைக் காட்டினான். பக்ருதீன் ஒரே அமுக்காக அமுக்கினான்.

அடைப்பு தெறித்தது. குழாயின் வாய் மேலே எகிறியது. மற்ற நாளாயிருந்தால் தவசிமுத்து அதை அமுக்கிப் பிடித்திருப்பான். காலையிலிருந்து மூன்று கைப்பிடி சுற்றிய தோளில் அதற்கு ஒரு சொட்டுப் பலம் இல்லை. கறுப்புத் தண்ணீர் தூண் மாதிரி கிளம்பி, தாமஸின் கருகிய வீட்டைத் தாண்டி, சிலுவையம்மாளின் புதுக் கூரையின் நடு முகட்டில் அடித்தது. கீற்றுகள் காக்கைக் கூட்டம் போலப் பறந்தன. கட்டிய கயிறு அறுந்து, மூங்கில் ஒடிந்து, ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. பக்ருதீன் நிறுத்துவதற்குள் மறுபக்கமும் போனது.

ஃப்ளோரன்ஸை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அடிபடவில்லை. வயிற்றின்மேல் அழுகிய பிண்ணாக்கு வழிந்தது. தலைமயிரில் தவளைக்கால் ஒட்டியிருந்தது. அவள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கருவாட்டு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனம் அது, அவர்களே பொத்தினார்கள்.

வண்டி முக்காலியில் யாரோ ஒரு குறும்புக்காரன் ஏறி மிதித்துக்கொண்டே, பேசும் பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். அய்யாத்துரையின் விரல் அப்போதுதான், வேர்வையிலோ என்னவோ, பொத்தானிலிருந்து வழுக்கியிருக்க வேண்டும். முதல்முறையாக அவருக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. எஞ்சினின் உறுமலையும் ஜனங்களின் கூச்சலையும் கேட்டு அவர் தீ அணைந்தது என்று முடிவு பண்ணிவிட்டார்.

"சபாஷ்," என்றது பெட்டி.

சாயங்காலம் தவசிமுத்து மாடி ஏறிப் போய், ஒரு கூரைக்கு வேண்டிய கீற்றும் மூங்கிலும் வேண்டும் என்று கேட்டான். அய்யாத்துரை பொறுமையாகத்தான் பேசினார்.

"லேய் தவசி, நெருப்பை நாமதான் அணைச்சோம்னு மாமாகிட்ட சொல்லியாச்சு. சந்தோசப்பட்டு எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் குடுத்துட்டாவ. இனிமே போயி கூரையப் பிச்சுப்போட்டோம்னு சொன்னா, தின்ன பூந்திய எங்கிட்டுப் போயி கக்குறது?"

இவன் பங்குப் பூந்திப் பொட்டலம் மேஜைமேல் இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தான் என்று சொன்னால் நன்றாக இருக்கும். எறியவில்லை. மத்தியானம் பாதியில் விட்ட ஆப்பத்துக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. படியிறங்கும்போதே இடது கையால் அள்ளித் தின்றான். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்த பூந்தி. தின்னத் தின்னத் தன்மேலேயே அருவருப்பு ஏறியது. ஆனாலும் பொட்டலத்தைக் காலி பண்ணினான்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பில் வீடு போனவனுக்கு வீட்டுக்கு வீடு கீற்றுக் கொடுத்து ஊரே கூரை போட்டுத் தரும். மறுநாளே தாமஸ் வீட்டுக்கு ஆள் கூடிவிட்டார்கள். குங்கிலியத்தை அடுப்பில் விட்டுப் போனவனுக்கு, முன்பிருந்ததைவிட நல்ல கூரை ஏறியது. சிலுவையம்மாள் தன் வீட்டுக்கும் கேட்டாள். ஊர்ப் பெரியவர்கள் சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார்கள். நெருப்பு கெடுத்தால் ஊர் போடும், மில் கெடுத்தால் மில்தான் போட வேண்டும், இதை ஊர் தலையில் ஏற்றிக்கொண்டால் நாளைக்கு மில்காரன் என்ன நாசம் பண்ணினாலும் நம் தலையில்தான் கட்டுவான் என்று சொல்லிவிட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. அதுதான் தவசிமுத்துவுக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. அவள் வீடு எரிந்து தொலைந்திருந்தால் கூரை கிடைத்திருக்கும்.

அவன் அவளிடம் போய், முதலாளியை நேரில் பார்த்து எப்படியாவது மில் செலவில் கூரை போட வைக்கிறேன் என்றான். அவள் நாற்றம் போகப் பாயைக் கடல் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மில்லுன்னா யார்ரா? எனிக்கு மில்லு தெரியாது. கொழாய நீ புட்ச்சுகினு இருந்தே. நீ போடு."

முதலாளியையும் போய்ப் பார்த்தான்; அவர் அய்யாத்துரையிடம் சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து கூலி வாங்குகிற நாளில் கீற்றுக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனான். வலது கையைத் தூக்க முடியாததால் முகட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தவன் பக்ருதீன். மேலே இருந்தபடி அய்யாத்துரையின் பரம்பரையையே திட்டுவான்; திட்டுக்கு ஒரு முடிச்சு என்று கட்டுவான். தெரு பக்கத்துப் பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பாதிக்கு அடியில் பாயை ஒதுக்கிப் போட்டு ஃப்ளோரன்ஸ் பெண் பிள்ளை பெற்றாள். மறுபாதிக்குப் பழைய படகுப் பாயை இழுத்துக் கட்டினார்கள். அது ஒழுகியது. சிலுவையம்மாள் இரவெல்லாம் சட்டியை மாற்றி மாற்றி வைத்துத் தண்ணீர் பிடித்தாள்.

கேட் ஓரத்தில் அவள் இப்போதும் ஆப்பம் விற்கிறாள். தவசிமுத்து போனால் இலையில் வைத்து நீட்டுகிறாள், பேசுவதில்லை. இதற்குள் மழைக்காலம் இரண்டு தடவை வந்து போய்விட்டது. கல்யாணம், சாவு, தோள் வைத்தியம் என்று அவன் கூலி வேறு வழியில் போய்விட்டது. மில் கொடுக்கவில்லை, ஊர் கொடுக்கவில்லை. சிலுவையம்மாளுக்குக் கடல் பக்கத்துக் கூரை பாதி பாக்கி. தவசிமுத்துதான் தர வேண்டும்.