செய்முறைக்குப் பாதிக் கணக்கு

கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டுவதற்குள் இருபது மாணவர்களும் பாதி நனைந்துவிட்டார்கள். மழை என்று சொல்ல முடியாது, காலையில் தேயிலை மலையில் இறங்கும் தூற்றல்தான். சர்மிளா சாக்கைச் சேலைபோலக் கொசுவிப் பிடித்து போட்டோவுக்கு நின்றாள். தனுஷிகா கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு யாரும் பார்க்கும் முன்னே அதை அவிழ்த்து, மற்றவர்களைப் போலவே தாறுமாறாகக் கட்டிக்கொண்டாள்.

விவசாய பீடத்தின் இரண்டாம் வருட வகுப்பு அது. விரிவுரையாளர் கஜேந்திரன் ஹட்டன் பசாரில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. குடையைப் பிடித்தபடி ரோட்டோரத்தில் நின்று பேசினார்.

"இன்னைக்கு நாள களப்பயணம்னு எழுதினா கிரெடிட் சைபர். போன பட்ச்சுக்கு அப்படித்தான் ஆச்சு, பாவம், திரும்ப வந்து செஞ்சாங்க. அதனால செய்முறைன்னு எழுதப் போறேன். செய்முறைன்னா நீங்க கையால வேலை செய்யணும், கூடவே நின்னு சொல்லிக் குடுக்க ஒரு ஆளும் இருக்கணும்."

"அப்ப முழு நாளும் கணக்குல வருமா சேர்?" என்று சர்மிளா கேட்டாள்.

"விரிவுரையில ஒரு மணித்தியாலம்னா ஒரு மணித்தியாலம்தான். செய்முறையில ரெண்டு மணித்தியாலம் செஞ்சாத்தான் ஒண்ணு."

"அநியாயம் சேர்! கையால செய்றதுக்குப் பாதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தனுஷிகாவும் சிரித்தாள். போன வாரம் தோட்டத்தின் பெயரைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. அவள் பிறந்த தோட்டமே இதுதான். ஆனால் அவர்கள் குடியிருக்கும் லயம் கீழ் டிவிஷனில் இருந்தது, இது மேல் டிவிஷன். இங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்து நிற்பாள்.

"சேர், தொரை சொன்ன ஆள் இதுதான்" என்றபடி தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். "கீழ் டிவிஷன் ஆளு. அங்க செடிய வெட்டிக் கவ்வாத்து நடக்குது, கொழுந்து இல்ல. இங்க ஏறி வந்தா இவங்களுக்கு ஒரு நாள் சம்பளம், பேர் விழும். பூரணி, முன்னால வா."

கூடைக்கயிறு தலையில் அழுந்த வந்து நின்றவள் அம்மா.

மகளைக் கண்டதும் பூரணியின் முகம் அப்படியே மலர்ந்தது. வாய் திறந்தது. அதற்குள் கஜேந்திரன் பேசிவிட்டார்.

"கொஞ்சம் பொறுமையாச் சொல்லிக் குடுங்க அம்மா. எல்லாம் டவுன் புள்ளைங்க. இதோ, தனுஷிகா மட்டும் இந்த மலைப்பக்கம், தலவாக்கலை. அவளும் டவுன்தான், கொழுந்துல கை வச்சிருக்க மாட்டா. என்ன தனுஷிகா?"

முதல் வருடத்தில், ஊர் எது என்று கேட்டபோது வாயில் வந்த பொய் அது. அதன் பிறகு திருத்த நேரம் வாய்க்கவில்லை. வாய்த்தபோது தைரியம் வரவில்லை. இப்போது அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் சேர்" என்றாள் தனுஷிகா.

பூரணி வாயை மூடிக்கொண்டாள். பிறகு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தாள்.

வேலை தொடங்கியது. பூரணி நிரை நிரையாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் விரலையும் பிடித்து, எந்த இடத்தில் ஒடிக்க வேண்டும் என்று காட்டினாள். மாணவர்களுக்குக் கூடை இல்லை. கைநிறையப் பறித்ததை அவள் கூடையிலேயே போட்டார்கள். அவள் பறித்தது குறைவு, நடந்ததுதான் அதிகம்.

தனுஷிகாவுக்குப் பறிக்கத் தெரியும். பள்ளிக்கூட லீவில் எத்தனையோ நாள் அம்மாவோடு நிரை பிடித்திருக்கிறாள். கை தானாகவே கொழுந்துக்குப் போனது. பக்கத்து நிரையிலிருந்து சர்மிளா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, நீ என்ன இவ்வளவு வேகமாப் பறிக்கிற?"

உடனே தனுஷிகா கையைத் தடுமாற விட்டாள். முற்றிய இலையைக் காம்போடு பிய்த்தாள். இன்னொன்று, அதைவிட முற்றியது. "எனக்கும் வரலடி" என்று சொல்லி அள்ளி அள்ளி அம்மா முதுகில் தொங்கிய கூடையில் போட்டாள்.

சர்மிளா கொஞ்சம் தள்ளிப் போனதும் பூரணி குனிந்தபடி கேட்டாள்.

"காலையில சாப்பிட்டியா?"

"ம்."

"ஒனக்குத் தெரியுமேடி. ஏன் இப்படி முத்தலாப் பறிக்கிற?"

"அம்மா, சும்மா இரு. கேக்கப் போறாங்க."

அதற்குப் பிறகு பூரணி அவளிடம் வந்தபோதெல்லாம் மற்றவர்களிடம் பேசியது மாதிரியே பேசினாள். "மிஸ், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க." தனுஷிகா தள்ளி நின்றாள்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். கணக்கப்பிள்ளை பூரணியின் கொழுந்தைத் தரையில் விரித்த சாக்கில் கொட்டிக் கிளறினார். கிளறக் கிளற முற்றல் இலைதான் வந்தது. தன் கையால் பிய்த்தவற்றைத் தனுஷிகாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"என்ன பூரணி, ஆட்டுக்கா பறிச்ச?" கணக்கப்பிள்ளை முற்றலை ஒதுக்கித் தள்ளிவிட்டு மீதியைத் தராசில் போட்டார். "பேருக்கு நிறை காணாது. அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்."

"புள்ளைங்க பறிச்சதுங்க அது. காலையிலருந்து இவங்களோடதானே நிக்கிறேன்."

கஜேந்திரன் முன்னால் வந்தார். "ஓம் கணக்கப்பிள்ளை. அவங்க முழு நாளும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"நான் இல்லேங்கலையே சேர். தொரை ஒரு ஆளக் குடுன்னாரு, குடுத்தேன். எங்களுக்குக் கொழுந்துதான் கணக்கு. சொல்லிக் குடுக்கிறதுக்கு இங்க பேர் இல்லீங்க."

கஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் ரோட்டில் காத்திருந்தது. அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை நாள் இது என்று தனுஷிகாவுக்குத் தெரியும். அரைப்பேர் என்றால் கீழே இறங்கி யாரிடமாவது கைநீட்டித்தான் ஆகவேண்டும். போர்டிங் காசு கேட்டு முந்தாநாள் அம்மாவுக்குப் போன் பண்ணியதும் தனுஷிகாதான்.

"முத்தல் பறிச்சது நான்" என்றாள் தனுஷிகா. "தெரிஞ்சேதான் பறிச்சேன். அவங்க என் அம்மா, சேர்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அம்மாவா?" கஜேந்திரன் அவளையும் பூரணியையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையில கேட்டப்ப நீங்க..."

"அய்யோ, இல்லீங்க சேர்." பூரணி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அரைப்பேர்னதும் அந்தப் புள்ளைக்கு எரக்கமாப் போச்சு. அதான் எனக்காக வாயில வந்ததச் சொல்லுது. கேம்பஸ் படிக்கிற புள்ளை எனக்கு ஏதுங்க?"

கணக்கப்பிள்ளை சிரித்தார். கஜேந்திரனின் முகம் தெளிந்தது. "நல்ல மனசு தனுஷிகா உங்களுக்கு" என்றார்.

இல்லை சேர், நிஜமாகத்தான் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதான். தனுஷிகா சொல்லவில்லை. சொல்லாமல் நின்றபோது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல் இருந்தது. அப்படி இறங்கியதற்காகத்தான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. தரையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த இலைகளைப் பார்த்தபடியே நின்றாள்.

கஜேந்திரன் வரவுத்தாளில் இருபது பேருக்கும் முழு நாளைச் செய்முறை மணித்தியாலமாக எழுதினார். அடியில், சொல்லிக் கொடுத்தவர் என்ற இடத்தில், பூரணி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒங்களாலதான் இது செய்முறையாச்சு. ரொம்ப நன்றி அம்மா" என்றார் அவர்.

"இருக்கட்டுங்க சேர். புள்ளைங்க நல்லாப் படிக்கட்டும்."

பஸ் வளைந்து வளைந்து கீழே இறங்கியது. இரண்டாவது வளைவில், வெறுங்கூடையோடு பூரணி ரோட்டில் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒதுங்க இடம் இல்லாமல் அவள் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் ஒரு காலை வைத்து, மண்திட்டோடு ஒட்டி நின்றாள். ஜன்னல்களிலிருந்து "பாய் ஆன்ட்டி!" என்று சத்தம் போட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலுக்கும் கையசைத்தாள். தனுஷிகா இருந்த கடைசி ஜன்னலுக்கும் அதே அளவுதான் அசைத்தாள்.

"நீயும் காட்டேன்டி, பாவம்" என்று சர்மிளா இடித்தாள்.

தனுஷிகாவும் கை காட்டினாள்.