ஒபடாயா கிரம்லி யாரையும் குறிப்பவர் அல்லர்

எழுதினால் ஒருவருக்கும் கோபம் வராத ஒரு மனிதரைத் தேடித்தான் வேரோனிக்கா ஒபடாயா கிரம்லியிடம் போய்ச் சேர்ந்தாள்.

தேடச் சொன்னவர் சீமோன். ரொறன்ரோவின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, ‘வடகாற்று’ என்ற இலவச வாரப் பத்திரிகையை நடத்திவந்தவர். நாற்பது பக்கத்தில் முப்பத்திமூன்று பக்கம் விளம்பரம். மீதி ஏழு பக்கங்கள்தான் அவருக்குத் தலையிடி. ஒரு கோயிலின் திருவிழாவைப் போட்டால் மற்றக் கோயில்காரர் கோபித்தார்கள். ஒரு ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலைப் போட்டால், அதிலிருந்து பிரிந்துபோன சங்கம் தங்கள் படம் சின்னதாக வந்ததென்று அளவுகோலோடு வந்து நின்றது. போன மாதம் மீன்குழம்புக்குச் சமையல் குறிப்புப் போட்டதற்கே பெயரில்லாமல் இரண்டு கடிதங்கள்.

“அக்கா, ஒரு தொடர் எழுதித் தாங்கோ,” என்றார் சீமோன். அது 1996ஆம் ஆண்டு தை மாதம். “ஆளைப் பற்றி எண்டால், செத்து நூறு வருசமாவது ஆகியிருக்க வேணும். எங்கட ஆளாயிருக்கக் கூடாது. சொந்தக்காரர் ஒருத்தரும் ஸ்காபரோவில இருக்கக் கூடாது.”

வேரோனிக்காவுக்கு எழுத்து பகுதிநேரம்தான். முழுநேர வேலை அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது. சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மறுபக்கம் கொடுக்க வேண்டும். ஏழு வருடம் இதைச் செய்ததில் அது உடம்போடு ஒட்டிவிட்டது. விட்பியில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த அவளுடைய கணவர் வின்சன்ற், பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டால், அவன் இருமிய இடத்தையும் சேர்த்துச் சொல்வாள்.

நூலகத்தில் கழித்த புத்தகங்களை விற்ற மேசையில்தான் அவளுக்குக் கிரம்லி கிடைத்தார். 1892இல் அச்சான, முதுகு கழன்ற தடித்த புத்தகம். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மாநிலம் ஒன்றின் ஆளுநர் ஒபடாயா கிரம்லியின் வாழ்வும் பணியும். பிறந்தது 1811, இறந்தது 1874. சீமோன் இரண்டு திகதிகளையும் விரல்விட்டுக் கூட்டிக் கழித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஆனாலும் மாநிலத்தின் பெயரை வெட்டச் சொன்னார்.

“அமெரிக்கன் கொன்சலேற்றில ஆரும் தமிழ் வாசிக்கிறானோ தெரியாது,” என்றார்.

முதல் வாரம் பிறப்பும் பால்யமும். ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாவது வாரம் கல்வி. கிரம்லி ஒரு கல்லூரியில் பதினொரு வாரம் மட்டுமே படித்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தக் கல்லூரிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் சிவபாதம். ஊர் ஒன்றியத்தின் தலைவர். ஐந்து வருடமாக அந்தக் கதிரையில் இருப்பவர். காப்புறுதி முகவர் என்ற வகையில் ‘வடகாற்றி’ல் வாரம் தவறாமல் அரைப் பக்க விளம்பரம் போடுபவர். அந்த விளம்பரத்தில் அவருடைய பெயருக்குப் பின்னால் லண்டன் பீ.ஏ. என்று இருக்கும்.

“தங்கச்சி, பதினொரு கிழமையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“புத்தகத்தில கிடக்கு, அண்ணை.”

“என்ர விசயம் எந்தப் புத்தகத்தில கிடக்கு?”

வேரோனிக்கா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். சிவபாதம் தான் சொன்னதைத் தானே கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் செருமிவிட்டு, குளிர் இந்த வருடம் கடுமையென்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் கிரம்லி நிலம் விற்றார். சதுப்பு நிலத்தில் ஒரு பட்டணத்துக்கு வரைபடம் கீறி, அதில் தேவாலயம், பள்ளிக்கூடம், பாண்ட் வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம் எல்லாம் போட்டுக் காட்டி, நூற்று நாற்பது காணித்துண்டு விற்றார். வாங்கியவர்கள் மாட்டு வண்டில்களில் குடும்பத்தோடு வந்து பார்த்தபோது தவளைகள் மட்டும் இருந்தன. விட்பியில் புதுவீடுகள் விற்ற டெனிஸ்டன் தன் விளம்பரத்தை நிறுத்தினார். “கீழ் அறையில தண்ணி வந்தது ஒரேயொரு வீட்டிலதான்,” என்று சீமோனிடம் சொன்னார். சீமோன் அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

நான்காவது வாரம் கட்சிகள். தோற்ற ஒவ்வொரு தடவையும் கிரம்லி கூட்டத்திலிருந்து எழும்பிப்போய், பழைய கட்சியின் பெயருக்கு முன்னால் ‘உண்மையான’ என்ற சொல்லைச் சேர்த்துப் புதுக் கட்சி தொடங்கினார். அந்த வாரம் ரொறன்ரோவிலிருந்து ஒன்பது சங்கங்களும் மொன்றியலிலிருந்து இரண்டும் தொலைபேசி எடுத்தன.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் இறங்கிய பத்திரிகை மத்தியானத்துக்குள் முடிந்துபோனது. முன்பெல்லாம் மீன் வெட்டும் மேசையில் விரிப்பதற்கே கடைக்காரர் பாதியை எடுத்து வைப்பார். இப்போது கிரம்லியின் பக்கத்தைச் சனங்கள் வெட்டி ஒருவருக்கொருவர் ஃபக்ஸில் அனுப்பினார்கள். சீமோன் பயந்துகொண்டே இரண்டாயிரம் பிரதி கூட்டி அடித்தார்.

ஒன்றியத்தின் முன்னாள் செயலாளர் இக்னேசியஸ் ஒருநாள் வேரோனிக்காவைத் தேடி வீட்டுக்கே வந்தார். சிவபாதத்தோடு பேச்சு வார்த்தை இல்லாதவர். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

“பிள்ளை, அடுத்த கிழமை கவர்னர் கலைவிழாவுக்கு ஒரு சினிமா நடிகையைக் கூப்பிட்டு, தானே பக்கத்தில நிண்டு முப்பது படம் எடுத்தவர் எண்டு ஒரு வரி போடுங்கோவன்.”

“அண்ணை, அது ஆயிரத்தி எண்ணூற்றி ஐம்பத்திரண்டாம் ஆண்டு. அப்ப சினிமா இல்லை.”

இக்னேசியஸ் யோசித்தார். “நாடகக்காரியெண்டு போடுங்கோ.”

“புத்தகத்தில இல்லாததை நான் போடமாட்டன், அண்ணை.”

அவர் எழும்பிப் போகும்போது, அவள் சிவபாதத்தின் ஆளென்று முடிவு செய்துகொண்டு போனார்.

ஐந்தாவது வாரம் கிரம்லி ஆளுநரானார். ஒரு மாவட்டத்தில் உயிரோடு இருந்த ஆண்களைவிட விழுந்த வாக்குகள் அதிகம். எண்ணியவர்கள் பட்டியலைப் பார்த்தபோது, கல்லறைக் கற்களில் இருந்த பெயர்கள் அதே வரிசையில் அதில் இருந்தன. கிரம்லி பதவியேற்ற அன்று, மறைந்தவர்களும் தம்மை நேசித்ததாகப் பேசினார்.

திங்கட்கிழமை சிவபாதம் நேரில் வந்தார். போன ஒன்றியத் தேர்தலில் மண்டப வாசலில் வைத்தே வந்தவர்களுக்கெல்லாம் உறுப்புரிமை அட்டை நிரப்பிக் கொடுத்த இரண்டு பேரும் கூட வந்தார்கள். சீமோன் கதிரையைத் துடைத்துப் போட்டார். வேரோனிக்கா புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

சிவபாதம் கண்ணாடியை மாட்டி முன்பக்கத்தைப் பார்த்தார். “இது எப்ப அடிச்சது?”

“ஆயிரத்தி எண்ணூற்றித் தொண்ணூற்றிரண்டு.”

“நூற்றி நாலு வருசத்துக்கு முந்தி.”

“ஓம் அண்ணை. உங்கட அப்பா பிறந்திருக்கவும் மாட்டார்.”

சிவபாதம் தாள்களைப் புரட்டினார். கிரம்லியின் படம் வந்த இடத்தில் விரல் நின்றது. தாடியும் தொந்தியும், கோட்டுக்குள் செருகிய ஒரு கையும். கூட வந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“விளங்குது,” என்றார் சிவபாதம். “நூலகத்தில இருக்கிற அவ்வளவு புத்தகத்துக்குள்ளயும் என்னை மாதிரி ஒருத்தனைத் தேடி எடுத்திருக்கிறியள்.”

இதற்குப் பதில் சொன்னவர் சீமோன்தான். அந்த வெள்ளிக்கிழமை தொடருக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, முதற்பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, அறிவித்தல் வந்தது: ‘ஆளுநர் ஒபடாயா கிரம்லி ரொறன்ரோ பெரும்பாகத்தில் வசிக்கும் யாரையும் குறிப்பவர் அல்லர்.’

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சிவபாதம் தொலைபேசியில் வந்தார்.

“தங்கச்சி, உந்த அறிவித்தல் தேவையோ?”

“நீங்கள்தானே அண்ணை கேட்டனீங்கள்?”

“நான் எழுத வேண்டாமெண்டுதான் கேட்டனான். நான் இல்லையெண்டு போடச் சொல்லேல்லையே. நேற்று யூனியன்வில்லில ஒரு கலியாணம். எல்லாரும் என்னைக் கவர்னர், கவர்னர் எண்டு கூப்பிட்டுக் கை தந்தவை. முன்வரிசையில இருத்தினவை. இண்டைக்கு உவர் இக்னேசியஸ், அது தன்னைப் பற்றித்தான் எழுதினதெண்டு சொல்லித் திரியிறார். அவர் எந்தத் தேர்தலில வெண்டவர்? கேளுங்கோ.”

வேரோனிக்கா கேட்கவில்லை. அவளுக்கு ஆறாவது அத்தியாயம் கிடந்தது.

அதை அவள் விசாரணைக்கூடத்தின் காத்திருக்கும் அறையில், இரண்டு வழக்குகளுக்கு நடுவே வாசித்தாள். தெற்கிலிருந்து அடிமைத்தனத்துக்குத் தப்பி அந்த மாநிலத்துக்குள் வந்தவர்களைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ள ஒரு சட்டம். சட்டசபையில் எழுபத்தொரு பேரில் அறுபத்தாறு பேர் கை உயர்த்தினார்கள். ஆளுநர் கையெழுத்து வைத்தால் முடிந்தது. கிரம்லி நான்கு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தார். ஐந்தாம் நாள், ‘இதை நான் செய்யமாட்டேன்’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார். அவருடைய கட்சியே அவரைப்போல் வைக்கோல் பொம்மை செய்து கொளுத்தியது. அடுத்த தேர்தலில் தோற்றார். இந்த முறை ‘உண்மையான’ கட்சி எதுவும் தொடங்கவில்லை. கிராமம் ஒன்றில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்து செத்துப்போனார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று புத்தகத்தில் இல்லை. வேரோனிக்கா முன்னும் பின்னும் தேடினாள். எழுதியவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பட்டத்தில் பொய் சொல்லி, சதுப்பை விற்று, கல்லறையில் வாக்கு வாங்கிய மனிதர் அந்த நான்கு நாளும் என்ன நினைத்தார்? ஒரு காரணத்தை அவளே எழுதி வைத்திருக்கலாம். கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாள். ‘இதை நான் செய்யமாட்டேன்’ என்ற வரியை மட்டும் ஆறு தடவை எழுதிப் பார்த்து, ஏழாவதை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கவில்லை. அவள் ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. திங்கள் சீமோன் சந்தோஷமாகச் சொன்னார், டெனிஸ்டன் முழுப்பக்கத்தோடு திரும்பி வந்துவிட்டார், ஒரு சங்கமும் கூப்பிடவில்லை, கடைகளில் பாதிப் பத்திரிகை அப்படியே கிடக்கிறது.

“இப்பிடியே எழுதுங்கோ அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை.”

பொறுக்க முடியாமல் அவளே சிவபாதத்தை அழைத்தாள்.

“வாசிச்சனீங்களோ, அண்ணை?”

“வாசிச்சனான், தங்கச்சி. பிழை பிடிக்க ஒண்டுமில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தக் கிழமை எழுதினது ஆரைப் பற்றி? நானும் மனுசியும் இருந்து யோசிச்சுப் பாத்தம். ஒருத்தரும் பிடிபடேல்லை.”

“ஆரையும் பற்றி இல்லை, அண்ணை.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்,” என்றார் அவர் நிம்மதியாக.

கடைசி வாரம், தேனீயும் மரணமும், அரைப் பக்கத்தில் முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அந்த இடத்தில் இராசிபலன் வந்தது. பன்னிரண்டு இராசிக்காரரும் கோபிக்காதபடி சீமோனே அதை எழுதினார். ஒன்றியத் தேர்தலில் சிவபாதமே மறுபடி வென்றார். வரவேற்புத் துணியில் ‘எங்கள் கவர்னர்’ என்று பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்களாம்.

சித்திரையில் ஒருநாள் வேரோனிக்கா விசாரணைக்கூடத்தின் காத்திருக்கும் அறையில் இருந்தாள். எதிரே ஒரு மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும், இரவல் கோட்டுப் போட்டிருந்தார். மடியில் வழக்குக் கடிதங்கள். கடிதங்களுக்கு மேலே, மடிப்பில் கடைசி வரிகள் கிழிந்துபோன ஒரு பழைய ‘வடகாற்று’. அவள் பெயரைச் சொல்லி ஒரு அலுவலர் நலம் கேட்டுவிட்டுப் போனதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

“நீங்களோ அக்கா இதை எழுதினது?”

வேரோனிக்கா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். அவருடைய வழக்கில் மொழிபெயர்ப்பவள் அவள் அல்ல. பேசலாம்.

“மொழிபெயர்த்தது. எழுதினது வேற ஆள்.”

“அந்தச் சட்டத்தைத் திருப்பி அனுப்பினாப் பிறகு இவர் எலெக்சனில நிண்டவரோ?”

“நிண்டவர். தோத்திட்டார்.”

“எத்தினை வோட்டால?”

புத்தகத்தில் அது அடிக்குறிப்பாக இருந்தது. பத்திரிகையில் இடமில்லையென்று சீமோன் வெட்டியிருந்தார். அவளுக்கு மனப்பாடம். “அவருக்கு ஒன்பதாயிரத்தி இருநூற்றிப் பன்னிரண்டு. மற்றவருக்குப் பத்தாயிரத்தி நானூற்றி மூண்டு.”

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது.

“ஒன்பதாயிரம் பேர் போட்டிருக்கினம்,” என்றார். பிறகு பத்திரிகையைத் திருப்பி, வாடகைக்கு அறை இருக்கும் விளம்பரங்களை வாசிக்கத் தொடங்கினார்.