மாடிக் கண்ணாடி வரைக்கும்

பதினொரு மணிக்குள் ரோச் பழைய துறைமுகத்தில் இருந்தாக வேண்டும். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் அவர் இன்ஜின் டிரைவர். மணி பத்தாகிவிட்டது; அவருடைய சி.டி.சி. புத்தகத்தைக் காணவில்லை. கடலோடிக்கு அதுதான் அடையாளச் சீட்டு. அது இல்லாமல் போனால் அவருக்குப் பதிலாக வேறொருவர் ஏறிவிடுவார்.

பீரோ, மெத்தை, அரிசி டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. ரோச் சட்டென்று நடுவீட்டில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார்.

"ஏங்க, தேடச் சொன்னா தூங்குதிய?" என்றாள் மனைவி விஜிலா.

"தூங்கல. கொழும்புல ஒரு பிக்கு சொல்லித் தந்த தியானம் இது."

தியானத்தின் ஏற்பாடு எளிமையானது. கடைசியாகச் செய்த காரியத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். உட்கார்ந்தேன்; அதற்கு முன் நடந்தேன்; அதற்கு முன்? ஒரு படியைத் தாண்டிவிட்டாலும் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். தேர்ந்தவர்கள் போன பிறவி வரைக்கும் போய்விடுவார்களாம். ரோச்சுக்குக் காலை எட்டு மணி வரை போனால் போதும்.

"உக்காந்தேன். அரிசி டிரம்மக் கவுத்தேன்."

"அத யாரு அள்ளுவா?"

"ஏளா, பேசாத! இப்ப அதையும் சேக்கணும். நீ பேசுன. உக்காந்தேன். டிரம்மக் கவுத்தேன். மெத்தையப் பொரட்டுனேன். பீரோவத் தொறந்தேன். டப்பாவக் கழுவி வச்சேன்."

"நீங்களா? கழுவுனியளா?" விஜிலா பூரித்துப் போனாள்.

"அதுக்கு முன்ன டப்பாவுல இருந்த மக்ரூனத் தின்னேன்."

"ஆலந்தலையில இருக்க அக்காவுக்கு வாங்குனது! முழு டப்பாவா?"

"அதுக்கு முன்ன குளிச்சேன். அதுக்கு முன்ன எந்திரிச்சேன்."

விஜிலாவுக்கு இதற்குள் தியானம் பிடிபட்டுவிட்டது. "முக்கா மணி நேரம் மாடியில நின்னிய. படியத் தாண்டுதிய. முதல்லேருந்து வாங்க."

ரோச் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். சொல்லாமல் தீராது.

"குளிச்சேன். அதுக்கு முன்ன மீசை காயட்டும்னு நின்னேன். அதுக்கு முன்ன... சாயம் அடிச்சேன். அதுக்கு முன்ன, புத்தகத்துல இருக்க போட்டோவப் பாத்தேன். எட்டு வருசத்துக்கு முந்துன போட்டோ. மீசை கருகருன்னு இருக்கு. இது வேற ஆளுன்னு ஆபீசர் சொல்லிட்டா? அதான் அதப் பாத்து அடிக்கலாம்னு மாடிக் கண்ணாடிகிட்ட வச்சு..."

அப்படியே எழுந்து மாடிக்கு ஓடினார். புத்தகத்தோடு திரும்பியபோது விஜிலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வம்சத்துல யாருக்குமே நரைக்காதுன்னியளே!"

ரோச் பையை எடுத்தார். வாசலில் நின்றார்.

"ஏளா, நான் சாயம் வாங்கக் கடைக்குப் போவலியே. தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாதி தீந்த பாக்கெட்டு கெடந்துச்சு. அது யாருது?"

விஜிலாவின் சிரிப்பு நின்றது. கை தானாகப் போய் வகிட்டை மூடிக்கொண்டது.

"உக்காரு. கண்ண மூடு. சிரிச்ச, அதுக்கு முன்ன?"

"தோணி போயிரும், கெளம்புங்க!" என்று அவரைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.