வேலாயியின் அண்ணன் என்ன செய்கிறான்?

1

இது கதையாகப் பிறக்கவில்லை. 1957ஆம் ஆண்டு மலருக்கு "பிள்ளைகள் வீட்டுவேலை செய்வதால் வரும் நன்மைகள்" என்று ஒரு கட்டுரை வேண்டுமென்று, பதுளையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை கேட்டார். "உடல் உறுதிபெறும், பொறுப்பு வளரும்" என்று இரண்டு வரி எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. கட்டுரை கிடக்கட்டும், கதையாக எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

2

முதல் தொடக்கம்: "பனி படர்ந்த மலைச்சாரலிலே குயில்கள் கூவ, வேலாயி என்னும் சிறுமி குடத்தை ஏந்தி..."

(விட்டுவிட்டேன். கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். அங்கே விடியலில் குயில் கூவி நான் கேட்டதில்லை. ஆட்களை எழுப்பத் தப்புப் பறைதான் அடிப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: வேலாயிக்குப் பத்து வயது. விடியுமுன்னே அவள் அம்மா ரெங்கம்மா, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவாள். வேலாயி பீலியிலிருந்து* தண்ணீர் சுமந்து, வாசல் கூட்டி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அண்ணன் செவனு பாடம் படிப்பான். வேலாயியின் முகத்தில் எப்போதும் புன்னகை.

* மலை ஊற்றுநீர் குழாயில் வந்து விழும் இடம். லயத்து வீடுகள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று. வரிசையில் நின்றால் கால் விறைத்துப்போகும்.

3

கோப்பை துடைத்துக்கொண்டே என் மகள் ஜெயமலர் இதை வாசித்தாள்.

"அம்மா, இவளின்ர அண்ணன் என்ன செய்யிறான்?"

"எழுதியிருக்கிறனெல்லோ, படிக்கிறான்."

"விடியக்காலமையோ? எங்கட அண்ணாவைப் போலயோ?"

உள்ளறையில் என் மூத்தவன் குமாரசிங்கம் இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்ட கோப்பையை அவன் ஒருநாளும் எடுத்து வைத்ததில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகள்மேல் அல்ல, எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த வேலாயிமேல்.

4

புன்னகையை வெட்டினேன்.

வேலாயி சிரிப்பதில்லை. அவள் வேலை முடித்து ஓடிவரும்போது மணி அடித்து வெகுநேரமாகியிருக்கும். "இனியும் பிந்தினா பேரை வெட்டிடுவேன்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பேர் வெட்டுப்பட்டால் அவளுக்குப் படிப்பு அவ்வளவுதான்.

ரெங்கம்மா மகனை எழுப்புகிறாள்.

"டேய் செவனு, இனிமே தண்ணி நீ தூக்கு."

"கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டா? பயலுக சிரிப்பானுக ஆத்தா!"

"சிரிச்சா சிரிக்கட்டும். அவனுக மட்டும் தண்ணி குடிக்காமயா இருக்கானுக?"

(மகன் கையில் குடம் கொடுத்த தாயை அந்த லயத்தில் நான் கண்டதில்லை. கதை என்னுடையது, சொல்ல வைத்தேன்.)

ஆனால் செவனு மசியவில்லை. தாள் தாளாகக் கிழித்தேன். குடம் அவன் இடுப்பில் ஏறவே மாட்டேனென்றது. கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான்: இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம், நடுவே ஒரு கம்பு. ஆம்பிளைகள் தோளில் காவுகிற மாதிரி. முதல் நாள் பாதித் தண்ணீர்தான் வீடு வந்து சேர்ந்தது. மீதி அவன் காற்சட்டையில்.

"தழையக் கிள்ளி மேல போட்டுத் தூக்கணும் அண்ணே. தண்ணி அலம்பாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எப்பக் கேட்ட?"

அன்று மணி அடிக்கும்போது வேலாயி வகுப்பில் இருந்தாள். அதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.

தலைமை ஆசிரியையின் கவனத்துக்கு: நீங்கள் கேட்ட நன்மை இதுதான். வேலை செய்த பிள்ளைக்குத் தண்ணீரின் பாரம் தெரிந்தது. வேலை குறைந்த பிள்ளைக்குப் படிப்புக் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு அதற்குப் பொறுப்பு என்று பேர் வைக்க என்னால் முடியாது.

5

முடிவு ஒன்று: வாத்தியார் அண்ணனையும் தங்கையையும் மேடையில் ஏற்றி... (சீச்சீ.)

முடிவு இரண்டு: பயல்கள் பட்டப்பெயர் வைக்கிறார்கள். செவனு கம்பைத் தூக்கி எறிகிறான். (நடக்கக்கூடியதுதான். எழுதக் கை வரவில்லை.)

ஆகவே, இரண்டாம் நாள் விடியல். மழை. ரெங்கம்மா பெரட்டுக்குப் போய்விட்டாள். தகரங்கள் வாசலில் இருக்கின்றன. வேலாயி குடத்தைப் பார்க்கிறாள், அண்ணனைப் பார்க்கிறாள். செவனு கம்பளிக்குள் புரண்டு படுக்கிறான். ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறது.

எங்கள் வீட்டு உள்ளறையில் ஜெயமலரின் குரல் கேட்கிறது: "அண்ணா, எழும்புங்கோ. இண்டைக்குக் கோப்பை கழுவிறது நீங்கள்."

கதையில் வேலாயியின் பள்ளிக்கூட மணிக் கயிறு இப்போது என் கையில் இருக்கிறது. இழுத்தால் அவள் பிந்திவிடுவாள்; இன்னும் இழுக்கவில்லை. நீங்கள் போய் உங்கள் வீட்டுச் செவனுவை எழுப்பிவிட்டு வாருங்கள். அதுவரை பிடித்திருக்கிறேன்.