எலியின் வயிற்றைக் கெடுக்காத தோட்டா

"உங்கள் அரிசிதான் எலியை வரவழைக்கிறது, ஃபிராவ் பாஸ்கரன். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்."

எங்கள் வீட்டுக்காரர் ஹெர் டால்மன் இதைச் சொன்னபோது, தான் சுட்ட ஓர் எலியை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார். எலி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். தலை இருந்தது, வால் இருந்தது. நடுவில் கந்தல்.

1967ஆம் ஆண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் ஓரத்தில் இரண்டடுக்கு வீடு. கீழே டால்மனும் அவர் மனைவியும், மேலே நாங்கள். பின்முற்றத்தில் அவருடைய கோழிக்கூடு. என் கணவர் பாஸ்கரன் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் என்றதும் கதவைச் சாத்துகிற ஊரில், இந்த வீட்டுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்திருந்தோம்.

"நாங்கள் முற்றத்தில் ஒரு பருக்கைகூடப் போடுவதில்லை" என்றேன்.

"எலி பொய் சொல்லாது."

"அப்படியானால் எலியையே கேட்போம். அதன் வயிற்றைக் கொடுங்கள்."

கையிலிருந்ததை உயர்த்திப் பார்த்தார். கொடுக்க வயிறு இல்லை.

என்ன தோட்டா போடுகிறார் என்று கேட்டேன். பெருமையாகப் பெட்டியைக் காட்டினார். சிறு விட்டத் துப்பாக்கிக்கான நீளத் தோட்டா. ஒலியைவிட வேகமாகப் போவது. குண்டின் மூக்கில் ஒரு குழி. அந்தக் குழியில்தான் விஷயம் இருக்கிறது. குண்டு உடம்புக்குள் நுழைந்ததும் குழிக்குள் ஈரமும் சதையும் நெருக்கும். மெல்லிய ஈயம் வெளிப்பக்கம் மடிந்து அகலும். நுழையும்போது மிளகு அளவு, உள்ளே போனதும் சுண்டைக்காய். முயலுக்கு அது நல்ல சாவு; வலி தெரிவதற்குள் முடிந்துவிடும். எலிக்கோ, சாட்சியே சிதறிப்போகிறது.

"ஒரே ஒரு எலி. உங்கள் துப்பாக்கி, என் தோட்டா" என்றேன். "வயிற்றில் சோறு இருந்தால் மறுநாளே கிளம்பிவிடுகிறோம். கோழித்தீனி இருந்தால் இங்கேதான் இருப்போம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்கள் கறிகூடத் தின்பதில்லை. சுடப்போகிறீர்களா?"

"தின்பதற்காகச் சுடவில்லையே."

மாடிக்கு வந்ததும் பாஸ்கரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா வேதா? வீட்டையே பெட் கட்டிட்டு வந்திருக்கே!"

"வீடு ஏற்கெனவே போயாச்சுங்க. நான் திருப்பி வாங்கத்தான் பாக்கறேன்."

"முட்டை தொடமாட்டே, எலிய மட்டும் அறுப்பே. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"என்.சி.சி.யில துப்பாக்கி பிடிக்கக் கையெழுத்துப் போட்டதே அப்பாதான். போய் உங்க கோட்டை எடுத்துட்டு வாங்க, துப்பாக்கிக் கடைய மூடிடுவான்."

கடைக்காரர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "ஐயாவுக்கு என்ன வேண்டும்?" என்றார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம். வாங்குவது இவர்" என்று பாஸ்கரன் சுவரில் தொங்கிய மான்கொம்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எலிக்கு என்றதும் கடைக்காரர் அதே குழிமூக்குத் தோட்டாவை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். குண்டுக்குப் பதில் பொடி ரவைகள் அடைத்த தோட்டாவை வைத்தார். பக்கத்திலிருந்து சுட்டால் குறி தப்பாது, கல்லில் பட்டாலும் ஆபத்து குறைவு. ஆனால் ரவை பரவும். தலைக்குக் குறிவைத்தாலும் நாலைந்து வயிற்றில் இறங்கும். அதுவும் வேண்டாம் என்றேன்.

"பின்னே எதுதான் வேண்டும், அம்மணி?"

"குட்டைத் தோட்டா. உருண்டை மூக்கு, குழி கூடாது."

குட்டைத் தோட்டாவுக்கும் நீளத் தோட்டாவுக்கும் விட்டம் ஒன்றுதான். அடிவிளிம்பில் ஊசி அடித்ததும் வெடிக்கிற முறையும் ஒன்றுதான். அதனால் ஒவ்வொன்றாகக் கையால் போடும் டால்மனின் துப்பாக்கியில் இரண்டுமே பொருந்தும். குட்டையில் வெடிமருந்து குறைவு, குண்டு இலேசு, வேகமும் குறைவு. துளை போடும், கிழிக்காது. தூரம் போனால் குறி தளரும். முற்றத்தின் அகலத்துக்கு அது போதும்.

ஒரு சங்கடம் உண்டு. வேகமான குழிமூக்கு கல்லில் பட்டால் பெரும்பாலும் நொறுங்கும். மெதுவான உருண்டைக் குண்டு நொறுங்காமல் எகிறித் திரும்பும். முற்றத்தில் பாவியிருந்ததோ கருங்கல். ஆகவே எலி வரும் பொந்தின் வாசலில் கனமாக மணலைப் பரப்பி, சுற்றிலும் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்தேன். மாடிப்படி ஜன்னலிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மணலில் புதையும். முதலில் மணலில் ஒரு சீட்டை நட்டு, சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டேன். ஒரு விரல் அளவு கீழே விழுந்தது. அதற்கேற்பக் குறியை உயர்த்தினேன்.

சனிக்கிழமை அந்தி. கோழிகள் அடைந்துவிட்டன. படியில் என் பின்னால் டால்மன் தம்பதி, அவர்களுக்கும் பின்னால் பாஸ்கரன். பொந்திலிருந்து எலி வந்தது; நின்று மீசையைத் துடைத்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினேன். கைதட்டின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எலி அதே இடத்தில் படுத்துவிட்டது.

"தலையில்!" என்றார் ஃபிராவ் டால்மன். "ஹைன்ரிஷ், நீ ஒருநாளாவது தலையில் அடித்திருக்கிறாயா?"

"வெளிச்சம் நன்றாக இருந்தது" என்றார் அவர்.

அவர்களுடைய சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து வயிற்றைத் திறந்தேன். வெள்ளைக் கூழ். "சோறு!" என்று டால்மன் எழுந்தேவிட்டார். பாஸ்கரன் முகம் வெளுத்தது.

ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியின் அடியில் ஒரு துளி வைத்தேன். கண்ணுக்கு எல்லா மாவும் வெள்ளைதான். ஆனால் வெந்த அரிசியின் மாவுமணி தண்ணீர் குடித்து ஊதி வெடித்து, உருவமில்லாத பசையாகிவிடும். வேகாத தானியத்தின் மணி உருவம் கெடாமல் இருக்கும். சோளம் என்றால் மூலைமூலையாக, நடுவில் ஒரு புள்ளியோடு. கோதுமை என்றால் தட்டையான வட்டம். முதலில் நான் பார்த்தேன். பிறகு எழுந்து, டால்மனுக்கு நாற்காலியை நகர்த்தினேன்.

நெடுநேரம் பார்த்தார்.

"மூலைமூலையாக இருக்கிறது" என்றார் மெதுவாக.

"யார் சோளம் சமைக்கிறார்கள் இந்த வீட்டில்?" என்று அவர் மனைவி கேட்டார். "தீனி மூட்டையை எங்கே வைத்திருக்கிறாய், ஹைன்ரிஷ்?"

"கூட்டுக்கு அடியில்." பிறகு நிமிர்ந்தார். "ஆனால் ஒரு எலி எதையும் நிரூபிக்காது."

"சரியாகச் சொன்னீர்கள்" என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அது நல்ல ஆட்சேபம். "ஒன்று போதாது. வாராவாரம் ஒன்று சுட்டு அறுக்க வேண்டும், இதே மேசையில். எல்லாம் இதே முற்றத்து எலியாக இருக்க வேண்டும். அதுவரை நாங்கள் வீடு மாறுவதற்கில்லை."

"எதுவரை?"

"உங்கள் சந்தேகம் தீரும்வரை. எனக்கு அவசரமில்லை."

அவர் மேசையிலிருந்த குட்டைத் தோட்டாப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். நான் அதை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"இது என்னிடமே இருக்கட்டும். சனிக்கிழமை துப்பாக்கியைத் துடைத்துவைத்தால் போதும்."