மைக்கில் ஓடியவன்

எல்லைச் சண்டையில் இறந்த கேப்டன் இளம்பரிதிக்கு ஆண்டுதோறும் கச்சிராயபாளையத்தில் நினைவுக் கூட்டம் நடக்கும். நண்பன் என்ற தகுதியில் நான்தான் பேசுவேன். ராணுவத்தில் சேருவதற்காக நாங்கள் இருவரும் விடியற்காலையில் கோமுகி அணைப் பக்கம் ஓடிப் பழகிய கதையைச் சொல்வேன். முதல் ஆண்டு ஐந்து கிலோமீட்டர் என்றேன். கைதட்டல் கேட்டுக் கேட்டு இப்போது அது பன்னிரண்டாகிவிட்டது. என் தொப்பையும் அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறது.

இந்த ஆண்டு அவன் அம்மா விஜயலட்சுமி, கூட்டத்துக்குப் பதிலாக நினைவு ஓட்டம் வைத்தார்.

“வருசா வருசம் மைக்குலயே ஓடிக்கினு இருக்கியே, இன்னிக்கு ரோட்டுல ஓடுப்பா,” என்று கொடியை என் கையில் கொடுத்தார்.

இரண்டாவது கிலோமீட்டரில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு கல்லூரிப் பெண் கொடியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அந்தக் காலத்திலும் தினமும் இங்கேதான் உட்காருவேன். முன்னால் போன இளம்பரிதி திட்டிக்கொண்டே திரும்பி வந்து, கையைப் பிடித்துத் தூக்கிவிடுவான்.

எல்லோரும் கடந்து போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பழக்கதோஷம், கையை நீட்டியபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.