ஐநூறில் ஒரு தடவை

வீணா மேசைமேல் விரித்த தாளில் கட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மேலிருந்து கீழாகக் கிளைவிட்டு இறங்கின. உச்சிக் கட்டத்தில் ‘அம்மோனியா கசிந்து ஆட்களுக்கு ஆபத்து’ என்று எழுதியிருந்தது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டு சாலையில் இருந்த அந்தக் குளிர்பதனக் கிடங்கின் குழாய்களை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வதற்காக, ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். இயந்திர அறையைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அலெக்சாண்டரைத்தான் முதலில் விசாரித்தாள். அது தொண்ணூற்றொன்பதாம் வருடம், டிசம்பர் மாதம்.

கசிவு வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். சுவரில் இருக்கும் டிடெக்டர் அலறும் என்றார். அது அலறாவிட்டால்? வாசனை வந்துவிடும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். அவள் இரண்டு கட்டங்கள் போட்டு எண்களை எழுதினாள். டிடெக்டர் ஐம்பது தடவைக்கு ஒரு தடவை தவறலாம். ஆபரேட்டரின் மூக்கு பத்துக்கு ஒரு தடவை. இரண்டும் சேர்ந்து தவறினால்தான் விபத்து. பெருக்கிப் பார்த்தால் ஐநூறில் ஒரு தடவை.

அலெக்சாண்டர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு கட்டம் எப்போதுமே வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டார்.

“அப்ப பெருக்கறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. டிடெக்டர் மட்டுந்தான். ஐம்பதுல ஒரு தடவ” என்றாள் வீணா. “ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான் மேடம்.”

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. காய்ச்சல்தான் காரணமா, அத்தனை வருடம் சுவாசித்த அம்மோனியாவா என்று அவருக்குத் தெரியாது. கண் எரிந்தால்தான் வாயு இருப்பது தெரியும்; கண் எரியும் அளவுக்கு வருகிறது என்றால் ஏற்கெனவே நிறையக் கசிந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே தெரிந்தால், மெடிக்கலில் தகுதியில்லை என்று எழுதி வேலையைவிட்டுத் தள்ளிவிடுவார்கள். கோலார் சுரங்கத்தில் வேலை கிடைக்காமல் பெங்களூருக்கு வந்து, இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு நின்றவர். நாற்பத்தெட்டு வயதில் இனி எந்த வாசலில் போய் நிற்பது? மனைவி ரஞ்சிதத்தைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை. நாளாக ஆக, அது தன் சொந்த விஷயம் மட்டுமே என்று அவருக்கே பழகிப்போயிருந்தது.

அன்று சிவாஜிநகரில் பஸ் மாறி ஆஸ்டின் டவுன் வந்து சேரும்வரை அந்த இரண்டு கட்டங்கள் அவரை விடவில்லை. வீட்டில் ரஞ்சிதத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் பயந்தாள். வேலை போனால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து கேட்டாள்:

“உங்க ரூமு செவுத்துக்கு அந்தாண்ட எத்தினி பொம்பளைங்க வேல செய்றாங்க?”

“பத்தொம்போது பேரு. பட்டாணி பேக்கிங்.”

அவள் உலையைப் பார்க்க உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் வீணா வரும்வரை கேட்டருகே காத்திருந்தார். யாரும் இல்லாத இடமாக, டீசல் ஜெனரேட்டர் பக்கம் அவளைக் கூட்டிப்போனார்.

“மேடம், அந்தக் கட்டத்துல என் மூக்க வச்சிருக்கீங்க. அது நாலு வருசமா வேல செய்யல.”

 வீணா தாளிருந்த கோப்பைத் தொடையில் வைத்து, பத்தில் ஒன்று என்றிருந்ததை அடித்துவிட்டு ஒன்று, அதாவது எப்போதுமே தவறும், என்று எழுதினாள். அறிக்கையில் யார் பெயரும் வராது, ஆபரேட்டர் என்றுதான் வரும் என்றாள். சளி பிடித்தால் யாருக்கும் இதே கதிதான், மூக்கை ஒரு காவலாக எண்ணியதே தன் தவறு என்றாள்.

“ஆனா மேனேஜர் சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் போய் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லாம இருக்கவும் கூடாது.”

ஐம்பதில் ஒன்று என்ற எண்ணை யாராலும் ஒதுக்க முடியவில்லை. இன்னும் இரண்டு டிடெக்டர்கள் வந்தன. அடுத்த வருடம் செய்வதாக இருந்த குழாய்ச் சோதனையை அந்த மாதமே வைத்தார்கள். பேக்கிங் கூடத்துச் சுவரை ஒட்டிப் போகும் குழாயின் மேலுறையைக் கிழித்தபோது, உள்ளே ஈரம் தங்கி, துரு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. தடிமன் அளக்கும் கருவியோடு வந்த பையன்கள் நம்பாமல் மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இரும்பு ஒன்றரைகூட இல்லை. உடனே மெஷினை நிறுத்தி, வாயுவை வெளியேற்றி, அந்த நீளத்தை அறுத்தெடுத்துப் புதுக்குழாய் மாட்டினார்கள்.

குழாய் மாட்டிய மறுநாள் அலெக்சாண்டர் மேனேஜர் சுந்தரராமனின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். மெடிக்கல் முடியட்டும், ஸ்டோர்ஸில் இடம் இருக்கிறதா பார்க்கலாம் என்றார். உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவரை உட்காரச் சொன்னார்.

வெளியே வந்தபோது சாப்பாட்டு மணி அடித்திருந்தது. முற்றத்தில், அறுத்துப் போட்ட குழாய்த்துண்டுக்குப் பக்கத்தில் வீணா கடைசித் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்வதற்கென்று மனதில் ஏதேதோ சேர்த்து வைத்திருந்தார். கிட்டே போனதும் இவ்வளவுதான் வந்தது.

“நீங்க கேட்டதாலதான் மேடம் சொன்னேன்” என்றார். “இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன். நல்லா இருங்க.”

அவள் தலையசைத்தாள். 

பேக்கிங் கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். குளிரில் விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே, முன்னால் வந்த வள்ளியம்மா ஏதோ சொல்ல, பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நனைந்த கையுறைகளைக் கழற்றி மதில்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். மதிய வெயிலில் அந்தக் கையுறைகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து போய்க்கொண்டிருந்தது.